புற்றுநோயாளிகளுக்காக ஐந்து கிலோமீட்டர்: திருகோணமலையில் ஓடி நிதி சேர்ப்பது எப்படி?

2011இல் இலங்கையின் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழும்பியது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டர் போதும்.

1. காசு யாருக்கு என்று முதலில் முடிவெடுங்கள்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் இங்கிருந்து கொழும்புக்கு அருகே தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மஹரகமவுக்குப் போய்வரும் பஸ் காசு, துணைக்குப் போகிறவரின் சாப்பாடு, தங்குமிடம், கூலி இழந்த நாட்கள் எல்லாம் அந்த வீட்டின் தலையில்தான் விழும். இந்தச் செலவுகளுக்கு உதவும் பதிவுசெய்யப்பட்ட அமைப்பைத் தேடுங்கள். கணக்கறிக்கை கேளுங்கள்; காட்டத் தயங்கினால் வேறு அமைப்பைப் பாருங்கள். அவர்களுடைய பெயரில் நிதி சேர்க்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காசு நேராக அமைப்பின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், உங்கள் கணக்குக்கு வேண்டாம்.

2. நாளும் பாதையும்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றும் வெயிலும் வாட்டும். மாசி, பங்குனி நல்லது. விடியற்காலையில் தொடங்குங்கள். உட்துறைமுக வீதி புதியவர்களுக்குச் சுகமான பாதை; கோணேசர் கோயில் ஏற்றத்தைப் பிறகு பார்க்கலாம். பலர் சேர்ந்து வீதியில் ஓடுவதென்றால் பொலிஸில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

3. பயிற்சி

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அப்படிப் பத்துத் தடவை. வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். ஓடும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கடற்கரை மணலில் தொடங்காதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காலுக்குப் பொருந்தும் சப்பாத்து அவசியம். இதய நோய், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

4. காசு கேட்பது

பலர் தயங்கும் இடம் இதுதான். "புற்றுநோய்க்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ஒரு நோயாளியும் துணையும் மஹரகமவுக்குப் போய்வர இவ்வளவு செலவாகும், அதில் ஒரு பங்கு தருவீர்களா?" என்று கேளுங்கள். தொகையை அமைப்பிடமே விசாரித்துச் சொல்லுங்கள். முதலில் வீட்டார், சிநேகிதர். அவர்கள் தந்த பிறகு வட்ஸ்அப் குழுக்கள், கடைக்காரர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள். ஒருமுறை நினைவூட்டுவதில் தப்பில்லை. நோயாளியின் படத்தையோ பெயரையோ மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். நோயோடு போராடுகிறவர் தன் முகத்தைக் காட்டித்தான் உதவி பெற வேண்டும் என்றில்லை.

5. ஓடும் நாளும் அதன் பிறகும்

முந்திய நாள் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், காலையில் ஒரு வாழைப்பழம் போதும். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள். தந்தவர் யாரும் காசைத் திருப்பிக் கேட்க மாட்டார். அப்புறம் ஒரு வாரத்துக்குள் சேர்ந்த தொகையையும் அமைப்பு தந்த பற்றுச்சீட்டையும் காசு தந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.