ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு வேலையும் நட்பு வட்டமும்: எங்கிருந்து தொடங்குவது

ஆட்டிசம் என்று தமிழில் தேடினால் வருவதெல்லாம் குழந்தைகள் படம்தான். இரண்டு வயதில் எதைக் கவனிக்க வேண்டும், எந்தப் பள்ளி, எந்தத் தெரபி. அந்தக் குழந்தை வளர்ந்து, பி.காம் முடித்து, மூன்று கம்பெனியில் சேர்ந்து மூன்றிலும் நிற்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. இது அவர்களுக்காக. வேலைக்குப் போக நினைக்கும் ஆட்டிசம் உள்ளவரிடமே நேராகப் பேசுகிறேன், அம்மா அப்பாவோ அக்கா தம்பியோ படித்தால் உங்களுக்கானதும் நடுநடுவே வரும். அலுவலகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் உள்ளவை, சட்டம் இந்தியா முழுக்கப் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தெரியாததால் வேலை போவதைவிட, வேலையைச் சுற்றி இருப்பவற்றால் போவதுதான் அதிகம். இன்டர்வியூ, டீ நேரப் பேச்சு, "கொஞ்சம் பாத்து முடிச்சிடுங்க" என்று மேனேஜர் சொன்னது இன்றைக்கா அடுத்த வாரத்துக்கா என்று விளங்காமல் போவது, தலைக்கு மேல் நாள் முழுக்க உறுமும் ஏசி. அதனால் கோர்ஸ் மேல் கோர்ஸாகச் சேர்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்தச் சுற்றுப்புறத்தைச் சரிசெய்வதில் நேரம் போடுங்கள்.

முதலில் காகிதம்

மருத்துவர் உங்களுக்கு ஆட்டிசம் என்று எழுதித் தருவது வேறு, அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. முதலாவதுக்கு மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ வேண்டும். பெரியவர்களைப் பார்த்துப் பழகியவரா, சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். போகும்போது சின்ன வயதில் உங்களைக் கவனித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது பேச ஆரம்பித்தீர்கள், எதை வரிசையாக அடுக்கினீர்கள், கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டதும் என்ன செய்தீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அது உங்களுக்கு நினைவிருக்காது, பெரியம்மாவுக்கு இருக்கும். பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய ஒரு வரிகூட உதவும்.

அடுத்தது அரசுச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது கிடையாது, அந்தக் காலத்து ஞாபகத்திலேயே சிலர் "இதுக்கெல்லாம் சர்டிபிகேட் இல்லைங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஐசா என்ற, 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிடுவது வழக்கம். நன்றாகப் பேசுகிற, ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிற ஒருவருக்கு இதில் மதிப்பெண் குறைவாக விழ வாய்ப்பு உண்டு. அதனால் அன்றைக்கு "எல்லாம் சமாளிச்சுக்குவேன்" என்று கெத்து காட்ட வேண்டாம், எது முடியவில்லை என்பதை வீட்டிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் என்று வந்தால் இடஒதுக்கீடு உண்டு. வராவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவையான வசதிகளைக் கேட்கும் உரிமை இந்த 40 சதவீதக் கோட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் தேர்வில் எழுத உதவியாளர் கேட்டது, ஆனால் தீர்ப்பின் வாதம் நமக்கும் உதவும்.

வீட்டாருக்கு ஒன்று. 18 வயது ஆனதும் சட்டப்படி காப்பாளர் நியமனம் வாங்கிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, மாவட்ட அளவிலான குழு விசாரித்துக் கொடுக்கும். உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு அது சரி. ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைக்காதீர்கள், பிள்ளை வங்கிக் கணக்கு திறக்கவும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் அதுவே குறுக்கே வந்து நிற்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றி மட்டும் தவறாமல் விசாரியுங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் வரும்.

ஆட்கள்

பெற்றோர் குழுக்கள் நிறைய உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களே கூடும் இடம் குறைவு. பெற்றோர் குழுவில் போய் உட்கார்ந்தால் உங்களைப் பற்றி உங்கள் எதிரிலேயே மூன்றாம் ஆளாகப் பேசுவார்கள், அன்பாகத்தான், ஆனாலும் எரிச்சலாக இருக்கும். உங்கள் ஊரில் குழு இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம், நாலு பேர் போதும். ஆளைப் பிடிக்க வழி: உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ளவர்களிடம் தரச் சொல்லுங்கள். அவர் மற்றவர்களின் எண்ணை உங்களிடம் தர முடியாது, தரவும் கூடாது. சென்னையில் கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு 1985 முதல் இயங்குகிறது, முட்டுக்காட்டில் நிப்மெட் என்று சொல்லப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் பெரியவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விசாரிக்கலாம்.

குழு நிலைக்க வேண்டுமென்றால் "வாங்க, மனசு விட்டுப் பேசலாம்" என்று கூப்பிடாதீர்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். ஏதாவது ஒன்றைச் செய்யக் கூப்பிடுங்கள். செஸ், ரயில் பார்ப்பது, பறவை பார்ப்பது, பழைய ரேடியோவைப் பிரிப்பது, எதுவானாலும் சரி. மாதத்தில் ஒரே கிழமை, ஒரே இடம், தொடங்கும் நேரம் போலவே முடியும் நேரமும் முன்கூட்டியே தெரிய வேண்டும், இடத்தின் புகைப்படத்தையும் யார் யார் வருகிறார்கள் என்பதையும் முதல் நாளே அனுப்பிவிட வேண்டும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி இடத்தில் சந்தித்துவிட்டு வெளியே அமைதியான மூலையில் உட்காரலாம், ஹோட்டல் வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருப்பதும், நடுவில் எழுந்து போவதும், பதிலை போனில் டைப் செய்து காட்டுவதும் அங்கே சகஜம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் பூப்படத்துக்குத் தடை போடுங்கள், இதில் நான் கறார்.

இந்த நாலு பேரால் வேலைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். எந்த அலுவலகத்தில் சத்தம் அதிகம், எந்த ஹெச்ஆர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்பது எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் கிடைக்காது. இவர்களிடம்தான் கிடைக்கும்.

வேலை

ஆட்டிசம் என்றால் கம்ப்யூட்டர் மேதை என்று ஒரு பக்கம், ஆட்டிசம் என்றால் ஆயுள் முழுக்க பேப்பர் கவர் ஒட்டலாம் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் நம்பாதீர்கள். உங்கள் சக்தி எங்கே போகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள்: எந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்கிறது, எந்தச் சத்தம் தாங்கவில்லை, ஒரே வேலையைத் தொடர்ந்து செய்வது பிடிக்கிறதா, எத்தனை பேரோடு பேசிய பிறகு படுத்தே ஆக வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். கணக்குச் சரிபார்ப்பு, சாப்ட்வேர் டெஸ்டிங், பிழை திருத்தம், நூலகம், பேக்கரியின் பின்கட்டு, நர்சரித் தோட்டம், குடோனில் ஸ்டாக் எடுப்பது என்று எல்லாவற்றிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இடம் உண்டு. முழு நாள் முடியாதா, அரை நாள் கேளுங்கள்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: போன வருடம் இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் வெளியே சம்பளத்துக்குப் போனார்கள், இன்னும் அங்கேயே இருக்கிறார்களா? பதில் வழவழ என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "முதலில் ஸ்டெம் செல் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் வேலை பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள், தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை கூடாது என்று சொல்லியாயிற்று.

எங்கே விசாரிப்பது? கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. 1995இல் சென்னையில் தொடங்கிய எபிலிட்டி பவுண்டேஷன் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்தியிருக்கிறது. பெங்களூரில் இதே மாதிரி வேலை செய்யும் அமைப்பு எனேபிள் இந்தியா. மற்ற ஊர்க்காரர்கள் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். எங்கே போனாலும் ஆட்டிசத்துக்கென்று என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் சாய்தளமும் சக்கர நாற்காலியும் பற்றித்தான் யோசித்திருப்பார்கள்.

அரசு வேலை என்றால், மத்திய அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எல்லாப் பணியும் எல்லாருக்கும் திறந்திருக்காது. அறிவிக்கையில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே எந்த வகையினர் தகுதி என்று சுருக்கெழுத்தில் போட்டிருப்பார்கள், அங்கே ஆட்டிசத்தைக் குறிக்கும் ஏஎஸ்டி (ASD) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். எழுத உதவியாளர் தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு, அதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும், தேர்வு அறையில் போய்க் கேட்டால் கிடைக்காது.

தனியார் என்றால் இன்டர்வியூதான் பெரிய சுவர். டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம் இன்டர்வியூவை ஓரமாக வைத்துவிட்டு லெகோ ரோபோவைக் கட்டச் சொல்லி ஆளை எடைபோட்டது. ஜெர்மனியின் சாப்ட்வேர் கம்பெனியான எஸ்ஏபி 2013இல் அவர்களோடு சேர்ந்தது, அதற்கு முன்னோடியாக முயன்று பார்த்தது பெங்களூரில்தான். நம் ஊர் கம்பெனி ரோபோ கொடுக்காது, ஆனால் "பேசிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுகிறேன்" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் கிடைப்பதும் குறைவு என்று நினைக்கிறேன்.

சொல்லலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், வீட்டார் முடிவு செய்யக் கூடாது. என் கருத்து: ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்வது கட்டாயமில்லை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் வம்பு. விண்ணப்பிக்கும் முன் கம்பெனியின் இணையதளத்தில் சம வாய்ப்புக் கொள்கை இருக்கிறதா என்று பாருங்கள், சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் என்னென்ன வசதி தருகிறோம் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். இருந்தால் சொல்வது எளிது. மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். வரும் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. கேள்விகளின் தலைப்புகளை முதல் நாளே அனுப்பினால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். அமைதியான அறையும், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேள்வி கேட்பதும் உதவியாக இருக்கும். ஒரு மாதிரி வேலை கொடுத்தால் அங்கேயே செய்து காட்டவும் தயார்."

இவ்வளவுதான். மன்னிப்பு கேட்கும் தொனி வேண்டாம், உங்கள் வாழ்க்கை வரலாறும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு முதல் வாரத்திலேயே சிலவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தீங்க" என்பார்கள். வேலை நேரம் முதலில். கூட்டமான பஸ்ஸிலும் ரயிலிலும் நசுங்கி வந்து சேர்வதற்குள் பாதி சக்தி போய்விடும், எட்டு மணிக்கோ பத்தரைக்கோ தொடங்க அனுமதி கிடைத்தாலே நாள் மாறிவிடும். அப்புறம் சுவர் பக்கம் ஒரே இருக்கை, ஹெட்போன், மதியம் தனியாகச் சாப்பிடும் சுதந்திரம். எந்தச் சந்தேகமானாலும் கேட்க ஒரே ஒரு ஆள் வேண்டும். வாய்வழி சொன்ன வேலையை நீங்களே மெயிலில் எழுதி அனுப்புங்கள்: "நான் புரிந்துகொண்டது: இந்தப் பட்டியலை வியாழன் மாலைக்குள் சரிபார்க்க வேண்டும். சரியா?" மேனேஜருக்கும் இது பிடித்துப்போகும், பிடிக்காவிட்டாலும் செய்யுங்கள். முதல் மூன்று மாதம் வீட்டில் விசேஷம், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் வருகை எதிலும் உங்களை இழுக்க வேண்டாம் என்று குடும்பத்திடம் சொல்லி வையுங்கள். நாள் முழுக்க மற்றவர்களைப் போல இருப்பதாக நடித்துக் களைத்து வருகிறவரிடம் "ஆபீஸ்ல மட்டும் நல்லா இருக்கே, வீட்டுக்கு வந்தா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறே" என்று கேட்காதீர்கள், அம்மா.

சம்பளம் வரத் தொடங்கியதும் வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவைப் பாருங்கள், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அது 80யு பிரிவு. சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 75,000 ரூபாய் கழிவு, கடுமையான நிலை என்றால் 1,25,000. பழைய வரி முறையில் மட்டும்தான் இது கிடைக்கும், புதிய முறையில் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேட்ட வசதியை மறுத்தாலோ, ஆட்டிசம் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பப் பார்த்தாலோ, ராஜினாமா கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அரசு அலுவலகம் என்றால் அங்கேயே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தனியார் என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம், வக்கீல் தேவையில்லை. என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று வரிசையாக ஒரு பக்கம், கூடவே அந்த மெயில்களின் நகல், யுடிஐடி அட்டை நகல். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.