பி-யையும் ஐ-யையும் அமத்தினால் போதாது: தடித்த சாய்வெழுத்தில் விடுகிற பிழைகள்

எங்கள் கடைக்கு வேலை பழக வந்த தம்பி போன கிழமை ஒரு கலியாணக் காட் செய்தான். மாப்பிள்ளை பொம்பிளை பெயர்கள் ஆங்கிலத்தில், செரிஃப் எழுத்தில் (கோடுகளின் நுனியில் சிறு பாதம் உள்ள எழுத்து), வேர்டில் பி பொத்தானை அமத்தித் தடிப்பாய், ஐ பொத்தானை அமத்திச் சாய்வாய். தூர நின்று பார்க்க வடிவாய்த்தான் இருந்தது. கிட்டப் போனேன். சிறிய ‘ஏ’ எழுத்து இரண்டு மாடியோடு, அதாவது கீழே வயிறும் மேலே வளைந்த கூரையுமாக, சரிந்து நின்றது, மழைக்குப் பிறகு சரிந்த மதில் போல. தொழிலுக்கு வந்த புதிதில் நான் விட்ட அதே பிழை.

திகதி, முகூர்த்தம், இனிஷல் பிழைகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றைப் பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா இருப்பார்.

பொய்ச் சாய்வு, பொய்த் தடிப்பு

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. ஒழுங்கான செரிஃப் எழுத்துருக் குடும்பத்தில் குறைந்தது நாலு பேர் இருப்பார்கள்: நேர், சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு. நாலும் தனித்தனியே வரையப்பட்டவை. டைம்ஸ் நியூ ரோமனைத் திறந்து பாருங்கள். நேர் எழுத்தில் சிறிய ‘ஏ’ இரண்டு மாடி. சாய்வில் ஒற்றை மாடி. சிறிய ‘எஃப்’ நேரில் கோட்டின் மேலே நிற்கும். சாய்வில் கோட்டுக்குக் கீழே வால் விடும். சாய்வெழுத்து கையெழுத்தின் வழி வந்தது, அதனால்தான். 1501இல் வெனிசில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியஸ் வேர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அச்சு வெட்டிக் கொடுத்தார். தடிப்பு மிகப் பிந்தி, 19ஆம் நூற்றாண்டில் விளம்பரங்களோடு பெருகியது.

குடும்பத்தில் அந்த நாலாவது ஆள் இல்லாவிட்டால் வேர்ட் அதைச் சொல்லாது. இருக்கிற நேர் எழுத்தைப் பிடித்துச் சரிக்கும். ஓரத்தைச் சுற்றிப் பருக்கவைக்கும். 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகைப் பத்திரிகை வந்த காலத்து ஈய எழுத்தில் இந்தத் திருகுதாளம் நடவாது. சாய்வு வேண்டுமென்றால் ஒருவர் இருந்து வெட்டி வார்த்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்தது ஒரு நினைவு மலர். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்க 300 பிரதி. அட்டையில் அந்த வீட்டில் காலமான அம்மாவின் பெயர். அதில் ஒரு ‘ஞ’, இரண்டு ‘ண’. நான் பாவித்த தமிழ் எழுத்துருவில் இருந்ததோ ஒரே கோப்பு, நேர் எழுத்து. பி, ஐ இரண்டையும் அமத்தினேன். திரையில் நன்றாகப் பெருப்பித்தும் பார்த்தேன். அங்கேதான் ஏமாந்தேன்: பெருப்பித்தால் எந்தச் சுழியும் திறந்துதான் தெரியும். அட்டையில் மை ஊறிப் பரவியதும் ‘ண’வின் சுழிகள் அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிட்டன. உயரத்தில் இருப்பது சரிக்கும்போது கூடத் தள்ளிப்போகும் என்பதால், மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியிருந்தது.

மூத்த மகன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்: “அம்மாவின்ர பேரையே வாசிக்க ஏலாமல் கிடக்குது தம்பி.”

ஏசியிருந்தால் பரவாயில்லை. அந்தியேட்டியைப் பிற்போட முடியுமா? அன்று இரவு என் செலவில் அட்டையைத் திரும்ப அடித்து, 300 மலரிலும் பின்னைக் கழற்றிப் புது அட்டை போட்டேன். விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது.

இப்போது பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) அனுப்ப முன்னர் பிடிஎஃப் கோப்பின் விபரத்தில் எழுத்துருப் பட்டியலைப் பார்ப்பேன். ‘போல்ட் இத்தாலிக்’ என்று தனிப் பெயர் இருக்க வேண்டும். நேர் எழுத்தின் பெயர் மட்டும் கிடந்தால் சாய்வு பொய். அதோடு, உண்மை அளவில் ஒரு பிரதி அடித்துக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பெருப்பித்து அல்ல.

தமிழையும் கட்டாயம் சாய்ப்பது

ஆங்கில வரியைச் சாய்த்தால் பக்கத்திலுள்ள தமிழையும் சாய்க்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வந்ததுபோல ஒரு சாய்வு மரபு எங்கள் அச்செழுத்துக்கு இல்லை. விண்டோஸில் பாவிக்கிற லதா எழுத்துருவில் நேரும் தடிப்பும் மட்டுந்தான். நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போதும். அழுத்தத்துக்குத் தடிப்பு போதும். சாய்த்தே ஆகவேண்டுமென்று வாடிக்கையாளர் நின்றால், நோட்டோ செரிஃப் தமிழ் போல சாய்வும் சேர்த்து வெளியிட்ட குடும்பத்தை எடுங்கள்.

எல்லாம் கப்பிடலில்

ஒற்றை மாடி ‘ஏ’யும் வால்விட்ட ‘எஃப்’பும் சிறிய எழுத்தில்தான் உண்டு. கப்பிடலில் மிஞ்சுவது சரிவு மட்டும்.

அடைப்புக்குறி

சாய்ந்த ‘எஃப்’ நேர் அடைப்புக்குறியில் முட்டும். இடைவெளி விடுங்கள்.

வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது

தடித்த சாய்வுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: தடித்த தலைப்புக்குள் சாய்வாக வரவேண்டிய பெயர். பனை பற்றிய சிறப்பு மலர் ஒன்றில் ஆங்கிலத் தலைப்புக்குள் அதன் தாவரவியற் பெயர், ‘பொராசஸ் ஃபிளபெலிஃபர்’, வந்தது. தாவரவியற் பெயர் சாய்வாக வருவது வழமை, தலைப்போ தடிப்பு. அந்த இரண்டு சொல்லும் தடித்த சாய்வில் நின்றால்தான் சரி. இதைத் தம்பிக்கு விளங்கப்படுத்தினேன். தலையாட்டினான்.

முழுப் பந்தியையும் சாய்ப்பது

நேற்று அதே மலரின் ஆங்கில முன்னுரை முழுவதையும் தடித்த சாய்வாக்கிக் கொண்டுவந்து காட்டினான். வேண்டாம்.