பிட்டில்பீயில் மறுஇணைப்புத் தாமதத்தைக் குறைத்த விதம்

ஐஆர்சி எனும் எழுத்து அரட்டை மென்பொருளிலிருந்தே, ஜாபர் எனும் வேறொரு செய்திச் சேவையில் உள்ள நண்பர்களோடு உரையாடுவதற்காக, இரண்டையும் இணைக்கும் பிட்டில்பீ என்ற நுழைவாயில் நிரலை என் கணினியில் இயக்கி வருகிறேன். மின்தடையில் ரவுட்டர் அணைந்து, இணையம் திரும்பிய பின்பும் ஜாபர் கணக்கு நெடுநேரம் இணையாமலே கிடந்தது. பிட்டில்பீக்குக் கட்டளையிடும் கட்டுப்பாட்டுச் சேனலில் (அரட்டை அறையில்) 'அக்கவுன்ட் லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்தபோது, அக்கணக்கு மறுஇணைப்புக்காகக் காத்திருப்பதாகப் பதில் வந்தது.

காரணம், 'ஆட்டோ_ரீகனெக்ட்_டிலே' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பான 5*3<900. அதன்படி முதல் முயற்சிக்கு முன் 5 வினாடி காத்திருக்கும் பிட்டில்பீ, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த இடைவெளியை மும்மடங்காக்கி, 15, 45, 135, 405 என்று கூட்டிக்கொண்டே போய், 900 வினாடியை, அதாவது கால் மணி நேரத்தை, உச்சவரம்பாகக் கொள்கிறது. செயலிழந்த சேவையகத்தை ஓயாமல் தொந்தரவு செய்யாதிருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடிக்கடி மின்சாரம் போகும் வீட்டுக்குப் பொருந்தாது.

'செட் ஆட்டோ_ரீகனெக்ட்_டிலே 5*3<60' என்று கொடுத்து உச்சவரம்பை 60 வினாடியாகக் குறைத்தேன். குறிகள் எதுவுமின்றி 30 என்று மட்டும் எழுதினால், இடைவெளி எப்போதும் 30 வினாடியாகவே நிற்கும். மாற்றிய கையோடு 'சேவ்' கட்டளையையும் கொடுத்துவிடுவது நல்லது. முன்னதாக 'ரெஜிஸ்டர்' கட்டளையால் கடவுச்சொல் அமைத்திருந்தால்தான் அது சேமிக்கப்படும்.