லூரின் மூக்கு ஏன் முங்கியது?

நீர்மேல் இடவலமாக நெளிந்து வர வேண்டிய மிதக்கும் லூர் (மீனை ஏய்க்கும் செயற்கை இரை), நான்கு நாளாக மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டே வந்தது. பாஸ் மீன் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. லூரை மாற்றினேன், கொக்கியைச் சிறிதாக்கினேன், பயனில்லை.

அப்புறம்தான் லூரை அசைக்காமல் நிறுத்திக் கவனித்தேன். முடிச்சை ஒட்டிய தூண்டில் நரம்பு மெல்லக் கீழே சரிந்து, மூக்கையும் கூடவே இழுத்தது. அது ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு, அடர்த்தி நீரைப் போல் சுமார் 1.8 மடங்கு, மூழ்கத்தான் செய்யும்.

சரி, பல இழை பின்னிய, மிதக்கும் பிரெய்டு நரம்புக்கு மாறினேன். மூக்கு நிமிர்ந்தது. ஆனால் துவண்ட பிரெய்டு முன்கொக்கியில் சுற்றிக்கொண்டது. கடைசியில் பிரெய்டு நுனியில் 40 செ.மீ. நைலான் மோனோ (ஒற்றை இழை நரம்பு) கட்டினேன். அதன் விறைப்பால் கொக்கியில் சிக்கவே இல்லை. லூரை, இறுகாத வளையம் விடும் லூப் முடிச்சில் கட்டியதும் நெளிவும் தாராளமானது. அன்று மூன்றாவது வீச்சிலேயே மீன் பாய்ந்து கவ்வியது, அப்பாடா!