ஷட்டர் பொத்தானைப் பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் கேமராவின் ஷட்டர் பொத்தான் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அதற்குள் ஒன்றையடுத்து ஒன்றாக இயங்கும் இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன. பாதி அழுத்தும்போது முதல் சுவிட்ச் இணைந்து ஒளி அளவீடும் தானியங்கி ஃபோகஸும் தொடங்குகின்றன. முழுவதும் அழுத்தும்போது இரண்டாவது சுவிட்ச் இணைந்து படம் பதிவாகிறது. இவ்வளவு எளிய அமைப்பைப் பழுதுபார்க்கப் போய் நன்றாக இருந்த வேறு பாகங்களைக் கெடுத்துக்கொள்வதற்குக் காரணம், பெரும்பாலும் கைத்திறன் குறைவு அன்று. பழுது எங்கே என்று உறுதிசெய்வதற்கு முன்பே ஸ்குரூடிரைவரை எடுத்துவிடும் அவசரம்தான்.

அதனால் முதல் தவறு, படம் பதிவாகவில்லை என்றவுடன் பொத்தானைக் குற்றம் சொல்வது. ஃபோகஸ் பிடிபடாவிட்டால் படம் எடுக்க மறுக்கும்படி பல கேமராக்கள் அமைக்கப்பட்டுள்ளன. வெறும் வெள்ளைச் சுவரையோ மிக அருகில் உள்ள பொருளையோ மங்கிய வெளிச்சத்தையோ நோக்கிப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அவை அசையா. மெமரி கார்டு நிறைந்திருப்பது, அதன் பக்கவாட்டுப் பூட்டு இறங்கியிருப்பது, லென்ஸ் சரியாகப் பூட்டப்படாதது, கேமரா ரிமோட் நிலையில் இருப்பது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தும் வசதி இயக்கப்பட்டிருந்தால் ஒரு படத்துக்கு இருமுறை அழுத்த வேண்டியிருக்கும். ஃபோகஸ் பணி பின்புறப் பொத்தானுக்கு மாற்றப்பட்டிருந்தால் பாதி அழுத்தத்தில் ஃபோகஸ் நகராது. எனவே அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, லென்ஸைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அந்த அடுத்த படியைப் பலர் செய்வதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கம்பிவழி ரிமோட்டை இணைத்து அழுத்திப் பார்த்தால் போதும். அதிலும் பாதி அழுத்தம், முழு அழுத்தம் என்ற அதே இரு சுவிட்சுகள்தான் உள்ளன. ரிமோட்டில் படம் பதிவாகி, பொத்தானில் பதிவாகாவிட்டால், பழுது பொத்தானிலோ அதிலிருந்து செல்லும் இணைப்பிலோ இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இரண்டிலுமே பதிவாகாவிட்டால் சந்தேகம், படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் திரை, உள்பலகை எனப்படும் மின்சுற்றுப் பலகை ஆகியவற்றின் மேல் திரும்ப வேண்டும். ஷட்டர் திரை தேய்வதும் ஷட்டர் பொத்தான் கெடுவதும் வெவ்வேறு பழுதுகள். விதிவிலக்கு ஒன்று உண்டு: முதல் சுவிட்ச் இணைந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், யாரோ பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருப்பதாகவே கேமரா நினைத்துக்கொள்ளும். அப்போது மெனு திறந்தவுடன் மறையும், ஒளி அளவீடு ஓயாது, பேட்டரி விரைவில் தீரும். இதை மென்பொருள் கோளாறு என்று எண்ணிவிடுவது எளிது.

பொத்தானே காரணம் என்று தெரிந்தால், சுவிட்சின் தொடுமுனைகளில் களிம்பு (உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு) ஏறியிருப்பதற்கும், வியர்வையோ தூசியோ படிந்திருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். ஓங்கி அழுத்தினால்தான் வேலை செய்வதும், ஒருமுறை அழுத்தினால் இரண்டு படங்கள் பதிவாவதும் இதன் வழக்கமான அறிகுறிகள். இங்கே செய்யப்படும் மிகப் பெரிய தவறு, கையில் கிடைத்த எண்ணெயையோ துரு நீக்கும் தெளிப்பானையோ பொத்தானைச் சுற்றி அடிப்பது. எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைச் சேர்க்கும். தெளிக்கப்பட்ட திரவம் இடுக்குகள் வழியே ஊர்ந்து கேமராவின் மேற்புறத் தகவல் திரைக்கும் வ்யூஃபைண்டருக்கும் போய்ச் சேரும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் தொடுமுனைகளின் மெல்லிய உலோகப் பூச்சு போய்விடும். அதன்பின் களிம்பு முன்னைவிட வேகமாக ஏறும்.

பயன்படுத்தத் தக்கது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். காயங்களுக்குப் பயன்படும் 70 சதவீத வகையில் மீதிப் பகுதி பெரும்பாலும் நீர் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நெருப்பு அருகில் இல்லாத இடத்தில், பொத்தானின் ஓரத்தில் ஒரு சொட்டு மட்டும் விட்டு, பல முறை அழுத்தி விடுவித்து, சில மணி நேரம் உலரவிட வேண்டும். தேவைப்பட்டால் மீண்டும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சில நாட்களிலேயே பழுது திரும்பிவந்தால் தொடுமுனை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஆல்கஹாலால் பயனில்லை.

கேமராவைத் திறப்பதில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உள்ளமைந்த ஃபிளாஷுக்கான மின்தேக்கி ஏறக்குறைய 300 வோல்ட் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் பெறுகிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அந்த மின்னேற்றத்தை நெடுநேரம் தக்கவைத்துக்கொள்ளும். ஷட்டர் பொத்தான் இருக்கும் மேல்மூடியை ஒட்டியே ஃபிளாஷ் பகுதியும் அமைந்திருப்பதால், விரல் படும் வாய்ப்பு மிக அதிகம். ஸ்குரூடிரைவர் முனையால் இரு முனைகளையும் இணைத்துத் தீப்பொறி பறக்கவிடுவது, செய்பவருக்கும் மின்சுற்றுக்கும் கேடு. காப்புறை போட்ட கம்பிகளுடன் சில கிலோ ஓம் மின்தடை வழியாக மெதுவாக வெளியேற்றி, மின்னழுத்தம் சுழியத்தை நெருங்கியதை மல்டிமீட்டரில் பார்த்த பின்பே உள்ளே கைவைக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் ஃபிளாஷ் உள்ள கேமராவைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பானிய கேமராக்கள் பலவற்றின் திருகுகள் ஜப்பானியத் தொழில் தரமான ஜே.ஐ.எஸ். அளவைச் சேர்ந்தவை, சாதாரண ஃபிலிப்ஸ் முனை அவற்றில் முழுமையாக உட்காராமல் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். திருகுகளின் நீளமும் ஒன்றுபோல் இராது. குட்டைத் திருகின் இடத்தில் நெட்டைத் திருகை முடுக்கினால் அது உள்பலகையைத் துளைக்கக்கூடும். எனவே எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று வரைந்து வைத்துக்கொள்வது அவசியம். மேல்மூடியைச் சட்டென்று தூக்குவதும் கூடாது. அதை உடலோடு இணைக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள்கள் கிழிந்தால், பொத்தானின் பழுது பெரும் பழுதாகிவிடும்.

சுவிட்சை மாற்றுவதற்கு முன் அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, பாதி அழுத்தத்திலும் முழு அழுத்தத்திலும் தொடர்பு ஏற்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் சரியாக இருந்து கேபிளில் விரிசல் இருந்தால் புதிய சுவிட்சும் இயங்காது. சுவிட்ச் பொருத்தப்பட்டுள்ள மெல்லிய மின்சுற்றுப் பலகையில் சால்டரிங் முனையைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்தாலும் தடங்கள் உரிந்து வந்துவிடும் என்பதால், சுவிட்சும் பலகையும் சேர்ந்த முழுப் பாகமாகக் கிடைத்தால் அதையே வாங்கி மாற்றுவது நல்லது. எல்லாத் திருகுகளையும் முடுக்கிய பிறகு சோதிப்பதைவிட, மூடியை இருப்பிடத்தில் அமர்த்தி ஓரிரு திருகுகளோடு சோதித்தால் மறுபடி பிரிக்கும் வேலை மிச்சம். நீர்புகாக் காப்பு உள்ள கேமராவை ஒருமுறை திறந்துவிட்டால் அந்தக் காப்பை இனி நம்பக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் அதுவும் பெரும்பாலும் போய்விடும்.

திறக்காமலே சமாளிக்கவும் வழியுண்டு. தொடுதிரையில் படம் எடுக்கும் வசதியோ கைப்பேசிச் செயலியோ கம்பிவழி ரிமோட்டோ இருந்தால், முக்காலியில் வைத்தே பெரும்பாலும் படம் எடுப்பவருக்குப் பொத்தான் இல்லாத கேமராவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.