புள்ளி போட்டுச் சர்வர் வாடகை கட்டுவது எப்படி: சிறு இணைய விளையாட்டுக்கு ஆட்டக்காரர்களிடம் பணம் திரட்டும் முறை

காரைக்குடியில் நண்பர்கள் மூவர் சேர்ந்து, பகல் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில், ஒரு சிறு இணைய விளையாட்டை நடத்தி வருகிறோம். அதிலிருந்து எங்களுக்கு வருமானம் வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டை இணையத்தில் ஓடவைக்கும் கணினியான சர்வரின் வாடகை மாதந்தவறாமல் வந்து நிற்கும். முதல் சில ஆண்டுகள் அதை என் கையிலிருந்தே கட்டினேன். ஒரு மாதம், என் வங்கி அட்டை காலாவதியானதை நான் கவனிக்காமல் விட்டதால் சர்வர் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து மீண்டும் ஏற்றியபோது, தேவகோட்டையிலிருந்து ஆடும் ஓர் ஆச்சி, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்க மாட்டோமா தம்பி?" என்று குழுவில் எழுதினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று பட்டது. அன்று தொடங்கி நாங்கள் பழகிக்கொண்ட முறையை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முறை எங்களுடையது என்று சொல்ல முடியாது. செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் கோயில் காரியங்களுக்குப் பணம் திரட்டும் ஏற்பாடு அது. திருமணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. துணையை இழந்து தனித்திருப்பவர் அரைப்புள்ளி. ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, ஊரின் புள்ளிகளால் வகுத்து, அந்தத் தொகையைப் புள்ளி வரியாகக் கேட்பார்கள். செல்வந்தருக்கும் எளியவருக்கும் வரி ஒன்றுதான். அதற்குமேல் மனமிருப்பவர் தனியாகத் தரலாம். தந்ததற்காக ஊர்க்கூட்டத்தில் அவருக்கு இரண்டு குரல் கிடையாது. இந்தக் கடைசி விதியே ஒரு விளையாட்டைக் காப்பாற்றுவது என்பது என் உறுதியான கருத்து.

பணம் கேட்பதற்கு முன்னால், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். உங்கள் விளையாட்டு பிறருடைய நிரலின்மேல் எழுப்பப்பட்டிருந்தால், அந்த நிரலின் உரிமம் என்ன சொல்கிறது என்பதே முதல் கேள்வி. 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி வெளியிட்ட டிகுமட் என்ற எழுத்துவழி விளையாட்டு நிரலின் பழைய உரிமம், அதை வைத்து எந்த வகையிலும் லாபம் ஈட்டக்கூடாது என்று சொன்னது. சர்வர் செலவுக்கு நன்கொடை வாங்கலாமா என்பதைப் பற்றியே பல ஆண்டுகள் சண்டை நடந்தது. மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறவர்களுக்கு அந்த விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் 2014இல் விதிகளைத் தெளிவுபடுத்தியது: நுழைவுக் கட்டணம் வாங்கலாம், நன்கொடை வாங்கலாம், தோற்ற அலங்காரங்களை விற்கலாம், ஆட்டத்தில் ஒருவரை மற்றவரைவிட வலுவாக்கும் எதையும் விற்கக்கூடாது. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ போன்ற எஞ்சின்கள், தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எஞ்சின் கட்டற்றது என்பதற்காக, இணையத்தில் எடுத்த படமும் இசையும் கட்டற்றவை ஆகிவிடமாட்டா. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத படங்களை, காசு வாங்கத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். சர்வர் வாடகை மாதம் 1,200 ரூபாய், தரவின் நகலான பேக்கப்பை வைக்கும் இடத்துக்கு 300 ரூபாய், டொமைன் என்னும் இணையப் பெயருக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் செலவு மாதத்துக்கு 100 ரூபாய். ஆக மாதச் செலவு 1,600. இதோடு, டாலர் விலை ஏறினாலோ திடீரென்று பெரிய சர்வர் தேவைப்பட்டாலோ கையைப் பிசையாமல் இருக்க மாதம் 400 ரூபாய் ஒதுக்கினால் 2,000. ஆண்டுக்கு 24,000 ரூபாய். உங்கள் உழைப்புக்கும் கூலி எடுத்துக்கொள்ள நினைத்தால் அதில் தவறில்லை. அதைக் கணக்குத் தாளில் தனி ஒரு வரியாக, இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று வெளிப்படையாக எழுதுங்கள். பராமரிப்பு, இதர செலவு என்ற பெயர்களுக்குள் அதைப் புதைக்க வேண்டாம்.

இப்போது புள்ளியைத் தீர்மானிக்க வேண்டும். பெயர் பதிந்தவர்கள் எல்லாரையும் புள்ளியாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். தொடர்ந்து வருகிறவர்களிலும் ஒரு சிறு பகுதியினர்தான் தருவார்கள். ஆகவே முதலில் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்து, இவ்வாண்டு யார் யார் புள்ளியில் சேர்கிறார்கள் என்று கேளுங்கள். மேலே சொன்ன 24,000 ரூபாய்க்கு 15 பேர் முழுப்புள்ளியாகவும் 10 பேர் அரைப்புள்ளியாகவும் வந்தால் மொத்தம் 20 புள்ளி. முழுப்புள்ளி 1,200, அரைப்புள்ளி 600 என்று கணக்கு நேராகிறது. மாணவர்களையும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களையும் அரைப்புள்ளியில் வையுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள், அவர் சொன்னால் அதுவே போதும். எதுவும் தராதவர் முன்போலவே ஆடலாம் என்பதையும் அதே அறிவிப்பில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

மாதாமாதம் கேட்பதைவிட ஆண்டுக்கு ஒருமுறை கேட்பது நல்லது என்பது என் அனுபவம். கணக்கிலிருந்து தவணைதோறும் தானாகவே பணம் போகும் யூபிஐ ஆட்டோபே 2020இலிருந்து இருக்கிறது. மாதச் சந்தாவுக்கு அது வசதிதான். ஆனால் மாதந்தோறும் பணம் வந்தால் மாதந்தோறும் புதிதாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற நெருக்கடி நடத்துகிறவர்களுக்கு வந்துவிடுகிறது. ஓய்வு நேரத்தில் செய்கிற வேலைக்கு அது ஆகாது. நாங்கள் தை மாதத்தில் கேட்கிறோம். மாசி பிறப்பதற்குள் முடித்துவிட்டு, அடுத்த தை வரை பணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

தருகிறவருக்குப் பதிலாக என்ன தருவது என்பதில் நாங்கள் ஒருமுறை வழுக்கி விழுந்தோம். இரண்டாம் ஆண்டில், கூடுதலாகத் தந்தவர்களுக்கு ஆட்டத்தில் வேகமாக ஓடும் ஒரு வண்டியைக் கொடுத்தோம். தந்தவர்கள் மூன்றே பேர். அடுத்த சில வாரங்களில், பந்தயங்களில் அந்த மூவர் பெயரே மேலே நின்றது. மற்றவர்கள் சண்டை போடவில்லை. பேசாமல் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வண்டியைத் திரும்பப் பெற்று, மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. காசு கொடுத்தவர் வெல்வார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், கொடாதவருக்கு ஆட வேண்டிய காரணம் போய்விடுகிறது. ஆட ஆள் இல்லாத இடத்தில் கொடுத்தவருக்கும் வண்டியால் பயனில்லை.

இப்போது தருவது ஒன்றே. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. புள்ளியில் சேர்ந்தவர் தம் வீட்டு வளவுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொள்ளலாம். பூ, நட்சத்திரம், கட்டம் என்று ஆண்டுக்கு ஒரு புதுக் கோலத்தை வரைகிறோம். தரையைப் பார்த்தால் அவர் எந்த ஆண்டுகளில் சேர்ந்தார் என்று தெரியும். முழுப்புள்ளியா அரைப்புள்ளியா என்று தெரியாது. அந்தக் கல்லால் யாரும் வேகமாக ஓட முடியாது. லிச்செஸ் சதுரங்கத் தளம் இதையே மிகப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. 2010இல் பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்ளெஸி தொடங்கிய அந்தத் தளத்துக்கு விளம்பரம் இல்லை, நன்கொடையில் நடக்கிறது, தருகிறவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகு கிடைக்கும், விளையாட்டு வசதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். செலவுக் கணக்கையும் அவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த தளம் என்பதால், பணம் கேட்கும்போது இந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் மேலே பெரிய தொகை தர விரும்புகிறவர் ஒருவர் வந்தே தீருவார். அவருக்காக ஆண்டில் ஒரே ஒரு ஏலம் வைக்கலாம். நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பில் சாதாரண மங்கலப் பொருள்களை ஏலம் கூறும்போது, கடைவிலையைப்போலப் பல மடங்கு கொடுத்து எடுப்பவர் அந்தப் பொருளின் உபயோகத்துக்காக எடுப்பதில்லை. அதுபோல, ஆட்டத்தில் ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விடுங்கள். அந்தப் பணம் சேமிப்புக்குப் போகட்டும். அதை நம்பி அடுத்த ஆண்டுச் செலவைக் கூட்டாதீர்கள்.

குலுக்கலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை உள்ளது. 2025இல் நடுவண் அரசு கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணமோ பணமதிப்புள்ள ஆதாயமோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பணப் பந்தயமில்லாத சமூக விளையாட்டுக்குச் சந்தா வாங்குவதை அது தடுக்கவில்லை. எனவே ஆட்டத்தின் நாணயத்தை ரூபாயாக மாற்றித் தரும் வழி எதையும் வைக்காதீர்கள்; ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதையும் விதிகளில் தடுத்து எழுதுங்கள். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அவர்களிடம் பணம் வாங்காதீர்கள். தெரியாமல் வாங்கிவிட்டால், பெற்றோர் கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் வந்து சேரும் கணக்கு உங்கள் சம்பளக் கணக்காக இருக்கக்கூடாது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதன் க்யூஆர் கோடை மட்டும் வெளியிடுங்கள். ஒருவர் பெயரில் கணக்கு இருந்தாலும், மற்ற இருவருக்கும் மாதந்தோறும் வங்கி அறிக்கை போய்ச் சேர வேண்டும். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் அன்பளிப்பாகப் பெறும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்லாமல் முழுத் தொகையுமே வரிக்கு உரிய வருமானமாகிறது. அந்த அளவை நெருங்கும்போதே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். தொகை பெரிதாக வளர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும்.

செட்டிநாட்டில் இதை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் ஆட்டக்காரர்களில் பலர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்; ஊர்ப் பாசத்தால் கேட்காமலே அனுப்புவார்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்கிறவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் சொந்தச் சித்தப்பாவின் பேரனாகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலம்தான்; அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகப் பார்க்கப்படலாம். நாங்கள் ஆடிட்டரிடம் பேசி முடிக்கும்வரை அப்படிப்பட்ட தொகைகளை வாங்காமல், அன்போடு திருப்பி அனுப்பிவிட்டோம். யாருக்கும் வருத்தமில்லை.

கணக்கு எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் ஐயா வைத்திருந்த பேரேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று, அடியில் பக்கத்தின் கூட்டுத்தொகை. எங்கேயும் சுரண்டிய தடம் இல்லை. தவறிப்போன எண்ணின்மேல் மெல்லிய ஒற்றைக் கோடு கிழித்து, சரியான எண்ணை மேலே எழுதியிருக்கிறார். பிழையும் படிக்கக் கிடைக்கிறது, திருத்தமும் படிக்கக் கிடைக்கிறது. எங்கள் இணையக் கணக்குத் தாளையும் அப்படியே வைத்திருக்கிறோம். எந்த வரியையும் அழிப்பதில்லை. தவறு நேர்ந்தால் தேதியிட்டு ஒரு திருத்த வரி சேர்க்கிறோம். தந்தவர் பெயருக்குப் பதிலாக அவர் ஆட்டத்தில் வைத்திருக்கும் பெயர், அவர் விரும்பினால் மட்டும் இடம்பெறும். செலவு வரி ஒவ்வொன்றுக்கும் ரசீதின் படம் உண்டு, அதில் முகவரியும் அட்டை எண்ணும் மறைக்கப்பட்டிருக்கும். ஆண்டு முடிவில் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்துக் குழுவில் போடுகிறோம். சென்ற முறை ஒரு கல்லூரி மாணவர், பேக்கப் செலவில் 40 ரூபாய் இருமுறை எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். திருத்த வரி அன்றைக்கே ஏறியது.

பணம் கூடிவிட்டால் அடுத்த ஆண்டுப் புள்ளி வரியைக் குறையுங்கள். மிச்சமிருக்கிறதே என்று பெரிய சர்வருக்கு மாறினால், அடுத்த தையில் அந்த வாடகைக்கும் சேர்த்துக் கையேந்த வேண்டிவரும். குறைந்துவிட்டால், நீங்களே ஓசையில்லாமல் ஈடுகட்டாமல், எவ்வளவு குறைகிறது என்று குழுவில் சொல்லுங்கள். சிறிய சர்வருக்கு மாறலாமா, அலங்காரங்களைக் குறைக்கலாமா என்று ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும்.

என்றாவது விளையாட்டை மூட வேண்டி வரலாம். அதற்கான விதியைப் பணம் வாங்கும் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் விதி இது: மூடுவதற்கு 90 நாள் முன்பே அறிவிப்பு, அந்த 90 நாளுக்கான சர்வர் வாடகை எப்போதும் சேமிப்பில் இருக்கும், வேறெதற்கும் அதைத் தொடக்கூடாது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து புதுப் பணம் வாங்கக்கூடாது. ஒவ்வொருவரும் தம் வீட்டின் படத்தையும் தரவையும் இறக்கிக்கொள்ள வழி செய்து, நாங்கள் எழுதிய நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டு, கையில் நிற்கும் தொகையை அவ்வாண்டுப் புள்ளிகளால் வகுத்து, முழுப்புள்ளிக்கு முழுப் பங்கும் அரைப்புள்ளிக்கு அரைப் பங்குமாக, பணம் வந்த அதே யூபிஐ முகவரிகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.