நார்டிக், ஆல்பைன் என்று முகம் பார்த்துப் பிரிக்காதீர்கள்

ஐரோப்பியர்களின் நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு "இவர் நார்டிக், அவர் ஆல்பைன், அந்த அம்மா மெடிட்டரேனியன்" என்று அடித்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். 1899இல் வில்லியம் ரிப்ளே என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பரப்பிய பாகுபாடு இது. அவர் டியூட்டானிக் என்றதுதான் பிறகு நார்டிக் ஆனது. உயரம், முடி மற்றும் கண்ணின் நிறம், அப்புறம் மண்டையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண், இவற்றை வைத்துத்தான் ஒரு கண்டத்தையே மூன்றாகப் பிரித்தார்.

ஆனால் உயரம், நிறம், தலை வடிவம் என்ற இந்த மூன்று அடையாளங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதே அபூர்வம். ஜெர்மனியின் பாடன் பகுதியில் ஆயிரக்கணக்கான தலைகளை அளந்த ஓட்டோ அம்மோனிடம், அசல் ஆல்பைன் (உருண்டைத் தலை, பழுப்பு முடி, நடுத்தர உயரம், அகன்ற மூக்கு) ஒருவரின் படம் கேட்டார் ரிப்ளே. அம்மோனிடம் அப்படி ஒரு படம்கூட இல்லை. உருண்டைத் தலை இருந்தால் முடி பொன்னிறமாக இருந்தது, இல்லையென்றால் ஆள் உயரமாக இருந்தார், அதுவும் இல்லையென்றால் மூக்கு ஒடுங்கியிருந்தது. இதை ரிப்ளேயே தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார், அப்படியும் அந்த வகைகளை விடவில்லை.

"பழைய அறிவியல்தானே, பேசினால் என்ன கெட்டுப்போகும்" என்று கடந்துபோவதும் தவறுதான். 1916இல் மேடிசன் கிராண்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் இதே வகைகளை உயர்வு தாழ்வாக அடுக்கினார். அந்தச் சிந்தனை பரவியிருந்த அமெரிக்காவில் 1924இல் வந்த குடியேற்றச் சட்டம், 1890 மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொரு நாட்டினரும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வைத்து ஒதுக்கீடு தந்து, இத்தாலியர்களுக்கும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கும் கதவை ஏறக்குறைய அடைத்தது. இத்தனைக்கும், அமெரிக்காவில் பிறந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தலை அளவு மாறுகிறது என்று மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே காட்டியிருந்தார். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் பிற்காலத்தில் விவாதம் நடந்தது, சரி. ஆனாலும் மண்டையை அளந்து பூர்வீகம் சொல்லலாம் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு பழையபடி நிற்கவில்லை.

அடுத்து, ஐரோப்பா ஆதியிலிருந்தே வெள்ளைத் தோல் என்று நினைப்பது. இங்கிலாந்தின் செடார் குகைப் பள்ளத்தாக்கில் 1903இல் கிடைத்த எலும்புக்கூடு சுமார் 10,000 ஆண்டு பழையது. அதன் மரபணுவைப் படித்தவர்கள் 2018இல் சொன்னது, கருமையான தோல், நீலம் அல்லது பச்சை கலந்த கண் என்று. ஸ்பெயினின் லா பிரான்யாவில் கிடைத்த, ஏறக்குறைய 7,000 ஆண்டுக்கு முந்தைய வேட்டைக்காரருக்கும் கருமையான தோலும் நீலக் கண்ணும்தான். இதை எடுத்துச் சொல்லும்போது எந்த அளவு கருமை என்று அடித்துப் பேசிவிடாதீர்கள், மரபணுவிலிருந்து நிறத்தைக் கணிப்பது நிகழ்தகவுதான்.

தோல் வெளுப்புக்கு ஒரே மரபணு, அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்பதும் தவறு. நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் பெரிய பங்குள்ள ஒன்று எஸ்எல்சி24ஏ5. அதன் வெளுப்பு வடிவம் இன்று ஐரோப்பியர்களிடம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது. அதே வடிவம் தமிழர்கள் உட்படத் தென்னிந்தியர்கள் பலரிடமும் இருக்கிறது, அதை வைத்து யாரும் அவர்களை ஐரோப்பியர் என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாக, தோல் மருத்துவர்கள் தோலை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை இன அட்டவணை மாதிரிப் பயன்படுத்தாதீர்கள். 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை உருவாக்கியது, புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று முடிவு செய்யத்தான். முதலில் முடியின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து அளவைத் தீர்மானித்தபோது, வெள்ளைத் தோல்காரர்களிலேயே சிலருக்குக் கதிர் அதிகமாகிப் போனது. அதனால் அவர் தோற்றத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நோயாளியிடமே கேட்கச் சொன்னார்: வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா, கருக்குமா?